மூச்சுக்கு ஆகும் மின்சாரம்

தெருவில் அவளுக்குப் 'புகைக்கணக்கு' என்று பெயர். மாதம் ஒருமுறை தோளில் பையும் கையில் தொங்கு தராசுமாக அவள் முனை திரும்பும்போதே, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் யாராவது ஒருத்தி கீழே எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"புகைக்கணக்கு வந்தாச்சு, அடுப்பை அணைங்கடி!"

"அணைச்சாலும் சிலிண்டர் எடை சொல்லிடும்க்கா" என்று அவளும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லிவிட்டு, முதல் வீட்டு அழைப்பு மணியை அழுத்துவாள்.

அவள் வேலை கேட்பதற்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒரு குடும்பம் ஒரு மாதம் வாழ்ந்து முடிக்க எவ்வளவு புகை ஆகிறது என்று கண்டுபிடிப்பது. சமையலறையில் எழும் புகை மட்டுமல்ல. அந்த வீட்டு விளக்கு எரிய எங்கோ எரிந்த நிலக்கரி, வண்டியில் எரிந்த பெட்ரோல், வாங்கிய துணிக்கும் தின்ற இறைச்சிக்கும் குடித்த பாலுக்கும் ஆனது, தூக்கிப் போட்ட குப்பை மட்கும்போது கிளம்புவது வரைக்கும் சேர்த்தி. எல்லாவற்றையும் அளந்து, கரியமில வாயு இத்தனை கிலோ என்று ஒரே எண்ணாக்க வேண்டும். ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நகரத்தில் சில நூறு வீடுகளைப் பொறுக்கி, மூன்று வருடத்துக்கு இந்தக் கணக்கை எடுத்தது. பூமி சூடாவதில் வீடுகளுக்கு எவ்வளவு பங்கு, பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் எவ்வளவு பங்கு என்று தெரிந்தால்தான் எங்கே குறைக்கலாம் என்று சொல்ல முடியும் என்பது அவர்கள் நியாயம். அவளுக்கும் அந்த நியாயத்தில் நம்பிக்கை இருந்தது. சம்பளத்துக்காக மட்டும் செய்த வேலை இல்லை அது.

அளப்பது அவளுக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. அவள் அப்பா லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். விருந்தாளி வந்தால் பையை வாங்கி உள்ளே வைக்கும்போதே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அவள் வேதியியலில் டிப்ளமா முடித்து, ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தாள். கல்யாணம் அங்கே இருந்தபோது ஆனது. கம்பெனி மூடியதும் வீட்டோடு இருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், விளம்பரம் பார்த்து இந்த வேலைக்கு வந்தாள்.

புருஷன் பார்சல் வேன் ஓட்டுகிறவன். வாயாடி. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டான்.

"நான் ஓட்டுற வேனையும் எழுதிக்குவியா?"

"அது உங்க கம்பெனிக் கணக்குல வரும். நம்ம வீட்டுக் கணக்குல நீங்க விடுற குறட்டை மட்டும்தான்."

"அதுக்கு எத்தனை கிலோ?"

"கிலோ இல்ல. டன்."

வீடு வீடாகப் போகிறவளுக்கு மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேறு பள்ளிக்கூடம் வேண்டாம். ஒரு வீட்டில் விமானத்தில் போனதே இல்லை என்பார்கள்; பரண்மேல் இருக்கும் பெட்டியின் கைப்பிடியில் விமானக் கம்பெனியின் காகிதப்பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் ஒரு ஏசி என்பார்கள். மூடிய கதவுக்கு அடியில் பாதத்துக்குக் குளிர் வரும். கேட்காமலே "ரெண்டு கார்னு எழுதிக்கம்மா" என்று பெருமை பேசுகிறவர்களும் உண்டு. வசதியை மறைப்பவர்கள் ஒரு பக்கம், இல்லாமையை மறைப்பவர்கள் ஒரு பக்கம். யார் பொய்யையும் அவள் முகத்துக்கு நேரே உடைத்ததில்லை. மீட்டரையும் தராசையும் பார்த்து எழுதிக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வருவாள். அதனால்தான் எல்லாக் கதவும் அவளுக்குத் திறந்தது.

அந்தத் தெருவின் கடைசியில் இருந்தது வெல்டர் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் இடம். வெல்டருக்கு ஐம்பதைத் தாண்டிச் சில வயது. தெருவில் பாதி வீட்டுக் கேட்டும் ஜன்னல் கம்பியும் அவர் கையால் ஆனவை. அதற்கு மேல், வருடா வருடம் அனல்மின் நிலையத்தை நிறுத்திப் பழுது பார்க்கும்போது ஒப்பந்தக்காரர் கூட்டிப் போகும் ஆட்களில் அவரும் ஒருவர். கொதிகலனுக்குள் இறங்கிக் காற்று புகாத மூலையில் படுத்துக்கொண்டு குழாய் ஒட்டிய வேலை. இருபது வருடத்துக்கு மேல் அந்தப் புகையை இழுத்த நுரையீரல் ஒருநாள் கையை விரித்துவிட்டது. இப்போது கட்டில் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் ஆக்சிஜன் மெஷின். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து, நீளமான குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. 'கொர்ர்' என்று அது போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

அவர் மனைவி ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதனால் புகைக்கணக்கு அந்த வீட்டுக்கு எப்போதும் கடைசியாக, மனைவி வந்த பிறகு போவாள். முதல் மாதம் வீட்டுச் சாமான்களைப் படிவத்தில் குறித்தபோது ஃபேன், விளக்கு, ஃப்ரிட்ஜ், துவைக்கும் மெஷின் என்று அச்சிட்ட வரிசையில் ஆக்சிஜன் மெஷினுக்கு இடம் இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள்.

வெல்டருக்கு அவளைப் பிடிக்கும். நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருப்பவர். அவள் மீட்டர் பார்த்துவிட்டு உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன தங்கச்சி, இந்த மாசம் நான் எவ்வளவு தின்னேன்?"

"நீங்க தின்னது கொஞ்சம்தாண்ணே. உங்க மெஷின்தான் தின்னுது."

"அது தின்னாத்தானே நான் தின்ன முடியும்?" என்று சிரிப்பார். சிரிப்பு இருமலாக மாறி, மனைவி வந்து முதுகைத் தடவ வேண்டியிருக்கும்.

முதல் வருடம் இப்படியே போனது. இரண்டாவது வருடத் தொடக்கத்தில் நிறுவனத்தில் ஒரு யோசனை பிறந்தது. அளந்தால் மட்டும் போதுமா, மக்கள் குறைக்கவும் வேண்டாமா? அதற்கு ஓர் அட்டை அச்சடித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒன்று. ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்து, 'உங்கள் வீடு', 'உங்கள் தெருவின் சராசரி' என்று இரண்டு பட்டைகள். மேலே ஒரு முகம். சராசரிக்குக் கீழே இருந்தால் பச்சையாகச் சிரிக்கும் முகம், அதிகமானால் சிவப்பாக வாயைக் கோணிய முகம்.

அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். ஆரம்பத்தில் அவளுக்கே அது பிடித்திருந்தது. தெரு முழுக்க ஒரே கலகலப்பு. ஒருத்தி பச்சை முகத்தை வாசற்கதவில் ஒட்டிவைத்தாள். சிவப்பு வாங்கியவர்கள் எதிர்வீட்டைக் கேலி செய்ய முடியாமல் தவித்தார்கள். இரண்டே மாதத்தில் தெருவின் சராசரி இறங்கியது. வெறும் காகித முகத்துக்கு இவ்வளவு சக்தியா என்று ஆபீசில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

வெல்டர் வீட்டுக்குச் சிவப்பு முகம் போயிற்று. தெருவிலேயே உயரமான பட்டை அவர்களுடையதுதான்.

மனைவி அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. கார் இல்ல, ஏசி இல்ல. நாங்களா இந்தத் தெருவுலயே ஜாஸ்தி? நல்லா இருக்கே உங்க கணக்கு!"

"மெஷின் ராத்திரி பகலா ஓடுதுல்ல அக்கா, ஆளுக்குன்னு வகுத்தா நீங்க ரெண்டே பேர், அதான். நீங்க இதைப் பெருசா எடுத்துக்காதீங்க."

வெல்டர் கையை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தக் கரன்ட் அந்த அனல்மின் நிலையத்துலேர்ந்துதானே வருது?"

"பெரும்பாலும் அங்கேர்ந்துதாண்ணே."

"அந்தச் சிம்னியை நான் அடியிலேர்ந்து அண்ணாந்து பார்த்திருக்கேன். அதுலேர்ந்து வர்றது அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க மேலதான் எறங்கும். அவங்களும் இருமுவாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்போ நான் இங்க மூச்சு விடறதுக்கு, அங்க ஒருத்தன் புகையை இழுக்கறான். அப்படித்தானே?"

"ஐயோ, அப்படியெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாதுண்ணே" என்றாள். சொல்லும்போதே அது பதிலில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் நேரமாகியிருந்தது, மகளை டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த மாதம் அந்த வீட்டின் அளவு குறைந்தது. அதற்கு அடுத்த மாதம் இன்னும் குறைந்தது. அவள் மீட்டரை இரண்டு முறை பார்த்தாள். பழுது எதுவும் இல்லை. மனைவியிடம் கேட்டால், "நான் என்னத்தைக் கண்டேன், ரெண்டு லைட்டைக் குறைச்சிருக்கோம்" என்றாள். விளக்கைக் குறைத்தால் இவ்வளவு இறங்காதே என்று அவளுக்கு ஒரு நெருடல். வெல்டர் வழக்கம்போல் கேலி பேசினார். முகம் மட்டும் கொஞ்சம் ஊதியிருந்தது.

ஆபீசில் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. திட்டத்தை நடத்தியவர் ஓர் அம்மையார், எல்லோருக்கும் மேடம். கண்டிப்பானவர், ஆனால் யார் சொன்னாலும் காது கொடுப்பவர். "தெருவுலயே அதிகமா இருந்த வீடு இவ்வளவு குறைச்சிருக்கு. எப்படிச் செஞ்சாங்கன்னு கேட்டு, ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. மத்தவங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார்.

வெளிச்சம் நன்றாக இருக்கும்போது போட்டோ எடுக்கலாமே என்று அவள் அன்று முற்பகலிலேயே போனாள். தெருமுனையில் திரும்பியபோது எதுவோ வித்தியாசமாக இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் என்னவென்று புரிந்தது. மெஷின் சத்தம் இல்லை.

கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. தள்ளினாள். வெல்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, முன்னால் குனிந்து, தரையையே பார்த்துக்கொண்டு. உதடு சாம்பல் நிறமாக இருந்தது. தோள்கள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. குழாய் அழகாகச் சுருட்டப்பட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது.

"அண்ணே!"

அவர் ஒரு விரலைத் தூக்கி, பொறு என்பதுபோல் காட்டினார். பேச முடியவில்லை. அவள் பாய்ந்து போய் சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமித் தொடங்கியது. குழாயை எடுத்து அவர் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதம் ஜில்லென்று இருந்தது. வீங்கியும் இருந்தது, அவள் விரல் அழுந்திய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

நெடுநேரம் கழித்து அவர் தலையைத் தூக்கினார். முதல் பேச்சே இதுதான்.

"இந்த மாசம்... எவ்வளவு எறங்கியிருக்கு?"

அவள் அவர் பாதத்தைத் தேய்த்துவிட்டபடியே கேட்டாள்.

"என்னண்ணே பண்றீங்க நீங்க?"

"ஒண்ணும் இல்ல. அவ வேலைக்குப் போனதும் நிறுத்துவேன். அவ வர்ற நேரத்துக்கு முன்னாடி போட்டுடுவேன். அசையாம உட்கார்ந்தா... தாங்குது. பழகிடுச்சு." விட்டுவிட்டுப் பேசினார். "மொதல்ல ஒரு மணி நேரம் நிறுத்தினேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா."

"எதுக்குண்ணே?"

அவர் தலையால் ஜன்னலைக் காட்டினார். "இந்தத் தெருவுல பாதி கேட்டு நான் போட்டது. அந்தக் கேட்டுக்கு உள்ள இருக்கறவங்கல்லாம் பச்சை. நான் ஒருத்தன் செவப்பு. வேலையும் செய்யல, வெட்டியா உட்கார்ந்து... ஊருக்கே புகை விடறேன்."

"அந்தக் கணக்கு உங்களைக் குத்தம் சொல்ற கணக்கு இல்லண்ணே. நாடு மொத்தத்துக்கும் எடுக்கற கணக்கு."

"அப்போ ஏன் மூஞ்சி போட்டு அனுப்பினீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அவளை அறுத்தது.

மனைவிக்குச் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். இனிமேல் நிறுத்த மாட்டேன் என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை வரை போய் நின்றாள். பிறகு பஸ் ஏறி, நேராகத் தொழிற்சாலைக் கேன்டீனுக்குப் போனாள்.

கேன்டீனின் பின்பக்கம், ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற பெரிய பாத்திரங்களுக்கு நடுவே மனைவி முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தாள். புகைக்கணக்கு நடந்ததைச் சொன்னாள். மனைவி கையைத் துடைக்காமலே கேட்டாள்.

"உங்களுக்கு நான் கதவைத் திறந்தேன்ல?"

"அக்கா..."

"தண்ணி குடுத்தேன். உக்காருங்கன்னு நாற்காலி போட்டேன். கால் வீங்குதேன்னு நான் உப்பைக் குறைச்சுக்கிட்டு இருக்கேன். அவரு மூச்சைக் குறைச்சுக்கிட்டு இருந்திருக்காரு. நீங்க அதை எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க." நுரைக் கையை உதறினாள். "இனிமே என் வீட்டு வாசல்ல உங்க காலடி படக் கூடாது."

அன்றே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிப் போன மனைவி வெல்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பிராணவாயு பற்றாமல் பற்றாமல் இதயம் களைத்துப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். புகைக்கணக்கு இரண்டு முறை வார்டு வாசல் வரை போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். உள்ளே போக மனம் துணியவில்லை.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. புருஷன் அன்று வாயாடவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நீ வேணும்னு செஞ்சியா?" என்று மட்டும் கேட்டான்.

"வேணும்னு செய்யலைன்னா சரியாயிடுமா?"

"ஆகாது. ஆனா அடுத்து என்ன செய்யணும்னு யோசிக்க முடியும்."

மறுநாள் அவள் மேடம் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மெஷின் இருக்குன்னு ஏன் எனக்குத் தெரியாமப் போச்சு?"

"படிவத்துல அதுக்கு இடம் இல்ல மேடம். மற்றவைன்னு எழுதினேன். வாய்ல சொல்லியிருக்கணும், சொல்லல."

"அட்டையை அடிச்சவ நான். அதைச் சொல்லணும்னு உனக்குத் தோணியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனான்னு தெரியல." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்த வீட்டைக் கணக்குலேர்ந்தே எடுத்துடலாமா?"

"வேண்டாம் மேடம். எடுத்தா கணக்கு பொய்யாயிடும். அந்த மின்சாரம் செலவானது செலவானதுதான். கணக்குல இருக்கட்டும். அதை அவர் கையில கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்."

அட்டையை நிறுத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. சராசரி இறங்கியிருக்கிறதே, ஒரு வீட்டில் நடந்ததற்காக நூற்றுக்கணக்கான வீட்டில் பலித்ததை விடுவதா என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். அளவு திடீரென இறங்கிய வீடுகளுக்கெல்லாம், மாதாந்திர முறைக்குக் காத்திராமல், ஒவ்வொன்றாகப் போனாள். குறைந்தது எப்படி என்று கேட்டாள்.

பல வீடுகளில் நல்ல செய்திதான். பழைய ஃப்ரிட்ஜை மாற்றியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்கு நடந்து போகத் தொடங்கியிருந்தார்கள். சூரிய ஒளியில் வெந்நீர் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வீட்டில் மாடியில் குடியிருந்தவர்களுக்கு வீட்டுக்காரர் பகலில் மெயின் சுவிட்சையே அணைத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குருவோடு கத்திக்கொண்டிருந்தது. கதவில் பச்சை முகம் ஒட்டியிருந்த வீட்டில், நிறைமாத மருமகள் குளியலறையில் குனிந்து போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கும் மெஷின்மேல் துணி போட்டு மூடி, அதன்மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

"உங்களுக்குத்தான் பாராட்டு வருது, அப்புறம் என்ன?" என்று மாமியார் கேட்டாள்.

அவள் பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்தாள். துணியை விலக்கினாள். அதுவரை எந்த வீட்டுச் சாமானையும் அவள் கேட்காமல் தொட்டதில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகு ஆபீசில் யாரும் வாதாடவில்லை. அட்டை நின்றது. படிவத்தில் முதல் கேள்வியாக, வீட்டில் நோயாளி, குழந்தை, கர்ப்பிணி யாராவது உண்டா என்பது சேர்ந்தது. வெல்டர் வீட்டில் குறைந்த மாதங்களை, குறைந்ததாகக் கொள்ள வேண்டாம் என்ற குறிப்போடு பதிவு செய்தார்கள்.

வெல்டர் வீடு திரும்பினார். அந்தக் கதவு மட்டும் அவளுக்குத் திறக்கவில்லை. வெளிச்சுவரில் இருந்த மீட்டரைத் தெருவில் நின்றபடி பார்த்து எழுதிக்கொண்டு போவாள். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் அவளுக்கு அது போதும்.

மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் பெரும் புயல் அடித்தது. மரங்கள் சாய்ந்து, நகரத்தின் அந்தப் பாதிக்கு மின்சாரம் போயிற்று. நாளைக்கு முன்னால் வராது என்று தகவல் வந்தது. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளுக்குச் சுருக்கென்றது. வெல்டர் வீட்டில் அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. அது எவ்வளவு நேரம் தாங்கும்?

புருஷனுக்குப் போன் செய்தாள். "வேனை எடுத்துக்கிட்டு வாங்க. வர்ற வழியில உங்க சிநேகிதர் கடையில ஒரு இன்வெர்ட்டரும் கேளுங்க."

அவன் எதுக்கு என்று கேட்கவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் வாசலில் காத்து நின்றாள்.

கிளைகளைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் ஊர்ந்து வேன் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது, மனைவி குடையில்லாமல் வாசலில் நின்று இரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வேனிலிருந்து இறங்கியவள் யாரென்று பார்த்ததும் மனைவியின் முகம் ஒருகணம் இறுகியது. பிறகு கேட்டை அகலத் திறந்தாள்.

இன்ஜினை அணைக்காமலே இன்வெர்ட்டரை வேன் பேட்டரியில் மாட்டி, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து மெஷினுக்குக் கொடுத்தார்கள். மெஷின் ஓடியது. டீசல் புகை தெருவெல்லாம் பரவியது. டீசல் தீரும்போது புருஷன் நனைந்துகொண்டே கேனைத் தூக்கிப்போய் வாங்கி வந்தான். நான்கு பேரும் அந்த ஓர் அறைக்குள் ரொட்டியும் டீயும் வைத்துச் சாப்பிட்டார்கள். வெல்டர் கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னலுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்ற வேனைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு எத்தனை கிலோ வரும்?"

"இன்னைக்கு எனக்கு லீவுண்ணே."

அவர் சிரித்தார். மனைவியும் சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டார்கள்.

அதன்பிறகு வெல்டர் ஒரு வருடத்துக்கும் சற்று அதிகமாக இருந்தார். அந்த நாட்களில் மெஷின் ஒருபோதும் நிற்கவில்லை. மாதா மாதம் அவள் கடைசியாக அந்த வீட்டுக்கு வந்து, வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பாள். அவர் கொதிகலன் கதைகளைச் சொல்வார். ஒருமுறை அவளுடைய தொங்கு தராசின் கொக்கி கழன்றிருப்பதைப் பார்த்து, தன் பழைய பட்டறைக்காரருக்குச் சொல்லியனுப்பி ஒட்டிக் கொடுத்தார். ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கை சரியில்ல அவனுக்கு, நான் போட்டிருந்தா தெரியவே தெரியாது" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஒரு காலையில், மனைவி டம்ளரைக் கையில் கொடுக்கும்போது வாங்காமல் இருந்தார். அவ்வளவுதான்.

இழவு வீட்டுக்கு அவளும் புருஷனும் போனார்கள். தெருவே வந்திருந்தது. அவர் செய்த கேட்டுகளையெல்லாம் திறந்துபோட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

திட்டம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. அவள் அந்த வீட்டுக்குத் தொடர்ந்து போக வேண்டியிருந்தது. மெஷினை ஆஸ்பத்திரி மூலமாக வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மனைவி தனியாக இருந்தாள். கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பாள்.

மாதக் கடைசியில் ஒருநாள் அவள் மீட்டரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, எழுதி நோட்டை மூடும்போது மனைவி கேட்டாள்.

"இப்ப எங்க வீடு எப்படி இருக்கு?"

"எதுக்குக்கா அது?"

"சொல்லுங்க. பரவால்ல."

"இந்தத் தெருவுலயே கம்மி."

மனைவி தலையை ஆட்டிக்கொண்டாள். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அவரு கேட்டா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மெஷின் சத்தத்துல தூக்கமே வராம இருந்தேன். இப்ப சத்தம் இல்லாமத் தூக்கம் வரல" என்றாள்.

புகைக்கணக்கு எழுந்து விளக்கைப் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுக்கு வந்துடுங்க, என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள். மனைவி எழுந்து டம்ளர்களை எடுத்து வைத்தாள். மறுநாள் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள்.

நிறுவனத்தின் அறிக்கை தடித்த புத்தகமாக வெளிவந்தது. அதில் அந்தத் தெருவுக்கு ஒரு வரிதான். அவள் இப்போது நகரத்தின் மறுபக்கத்தில் பேக்கரிகளிலும் சலவைக்கடைகளிலும் கணக்கெடுக்கிறாள். முழங்கால் வலி வந்துவிட்டது. மாடி ஏறும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். புது இடத்தில் அவளுக்கு இன்னும் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.